வராத சம்பளத்தில் ஐரோப்பா சுற்றலாமா?

கேள்வி: ஐயா, ஜெர்மனியில் ஆஹன் நகரில் எம்.எஸ். படிக்கிறேன், வயது 25. ஆகஸ்ட் கடைசியில் தீசிஸ் கொடுத்துவிடுவேன். செப்டம்பர் 30 வரை மாணவி. அதற்குள் பாரிஸ், சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன், ரோம், பிராக் என்று இரண்டு வாரம் சுற்ற ஆசை, 2,600 யூரோ ஆகும். ரோம் விமான டிக்கெட்டும் தங்குமிடமும் 440, இன்டர்லாக்கன் ஹோட்டல் 520. இரண்டையும் 'பிறகு கட்டலாம்' ஆப்பில் மூன்று தவணையாகப் போட்டுவிட்டேன், முதல் தவணை இனிமேல்தான். மீதிக்கு அம்மா நகையை அடகு வைத்து அனுப்புகிறேன் என்கிறார். சேமிப்பில் 4,100 யூரோ இருக்கிறது. வங்கி ஓவர்டிராஃப்ட்டில் 900 மைனஸ். பகுதிநேர வேலையில் மாதம் 850 வருகிறது. ஊரில் கல்விக்கடன் 22 லட்சம், வட்டி 11 சதவீதம். மாமாவுக்கு அவ்வப்போது பொருள் வாங்கி அனுப்பியதில் 640 யூரோ வரவேண்டியிருக்கிறது, இப்போது ஒரு போனும் கேட்கிறார். வேலை கிடைத்தால் ஆண்டுக்கு 50,000 யூரோ சம்பளம், எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். பயணம் போகலாமா?

பதில்: போங்கள். கல்விக்கடனோடு படித்துக்கொண்டு ஊர் சுற்றுவதா என்று கேட்கும் ஆள் நான் இல்லை. இரண்டு வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு லேபையும் மளிகைக் கடையையும் மட்டும் பார்த்துத் திரும்புவது என்ன கணக்கு? உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஊர்ப் பட்டியல் இல்லை, 'அடைத்துவிடலாம்' என்ற சொல்தான். ஓவர்டிராஃப்ட், தவணை, அம்மாவின் நகை என்று எல்லாம் இன்னும் நேர்காணலுக்கே போகாத ஒரு வேலையின் சம்பளத்தை நம்பி நிற்கின்றன. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைப்பதோடு நிற்காமல் காதணி விழாவுக்குப் பத்திரிகையும் அடித்துவிட்டீர்கள்.

ஓவர்டிராஃப்ட் வட்டியைப் பற்றி நான் ரொம்பக் கவலைப்படவில்லை. 12 சதவீதம் என்று வைத்தாலும் 900 யூரோவுக்கு மாதம் 9 யூரோதான். கவலை அக்டோபர் முதல் தேதியைப் பற்றி. அன்றைக்கு மாணவர் அட்டை செத்துப்போகும், கூடவே மூன்று விஷயங்கள் போகும், நான்காவதாக ஒன்று வந்து சேரும். மாணவர் என்ற தகுதியில் பார்க்கும் பகுதிநேர வேலை நின்றுவிடும், 850 யூரோ வராது. மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுச் சலுகை போய், சொந்தமாகக் கட்டும் தொகை ஏறும். அதை 260 யூரோ என்று வைக்கிறேன். மாணவர்களுக்கான ரயில், பஸ் பாஸான செமஸ்டர் டிக்கெட் போய், மாதாந்திர டிக்கெட்டுக்கு 63 யூரோ. வேலை தேடுவதற்கான குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது, கையில் பணம் இருக்கிறது என்று வெளிநாட்டினர் அலுவலகத்துக்குக் காட்ட வேண்டும். மைனஸில் இருக்கும் ஸ்டேட்மென்ட்டை எடுத்துக்கொண்டா அங்கே போகப்போகிறீர்கள்?

மாதச் செலவைத் தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். வாடகை 430, காப்பீடு 260, சாப்பாடு 250, டிக்கெட் 63, போனும் ஒலிபரப்புக் கட்டணமும் 35. ஏறக்குறைய 1,040 யூரோ. வேலை கிடைக்க ஆறு மாதம் ஆகலாம். மூன்று மாதத்தில் கிடைத்தால் சந்தோஷம், ஆனால் கணக்கை ஆறுக்குத்தான் போட வேண்டும். 6,240 யூரோ. உங்களிடம் இருப்பது? 4,100இல் ஓவர்டிராஃப்ட் 900 போனால் 3,200. தவணைப் பாக்கி 960 போனால் 2,240. இரண்டு மாதம் ஓடும், டிசம்பர் தொடக்கத்திலேயே கை காலி. அந்த நிலையில்தான் கிடைக்கிற முதல் வேலையை எந்தச் சம்பளத்துக்கும் ஒப்புக்கொள்ளத் தோன்றும்.

அந்த 50,000மும் கைக்கு வரும்போது அவ்வளவு இருக்காது. வரி, காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் பிடித்தது போக மாதம் 2,700க்குள்தான் நிற்கும். கல்விக்கடன், சேர்ந்த வட்டியோடு 26 லட்சம் என்று வைத்தால், பத்து வருடத்துக்கு இஎம்ஐ சுமார் 36,000 ரூபாய். யூரோவை 100 ரூபாயாக எடுத்தால் 360 யூரோ. கட்ட முடியாத தொகை இல்லை. வேலை கிடைத்த பிறகு உங்களுக்குப் பெரிய கஷ்டம் வராது. இடைப்பட்ட அந்தச் சில மாதங்கள்தான் ஆபத்து, அதற்கு வைத்திருக்கும் பணத்தைத்தான் இப்போது தவணையில் தின்கிறீர்கள்.

தவணை ஆப்களைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டி இல்லை என்று பச்சை, இளஞ்சிவப்பு என்று கலர் கலராகக் கூவுகிறார்கள். உண்மைதான், ஒழுங்காகக் கட்டும்வரை. கட்டத் தவறி, நினைவூட்டல் கடிதங்கள் வந்து, அதற்கும் பதில் இல்லை என்றால் பாக்கி ஷூஃபா பதிவில் (யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று ஜெர்மனியில் குறித்து வைக்கும் நிறுவனம்) ஏறலாம். வேலை கிடைத்து வேறு ஊரில் வீடு தேடும்போது வீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்த ஷூஃபா காகிதத்தைத்தான்.

அப்படியானால் பயணம்? எது உங்களுக்காகக் காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துவிடுங்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிக்கும் 26 வயதுக்குக் கீழானவர்களுக்கு லூவ்ர் அருங்காட்சியகத்தில் நுழைவு இலவசம், குடியிருப்பு அட்டையைக் காட்ட வேண்டும். அடுத்த வருடம் அது உங்களுக்குக் கிடைக்காது. எனவே பாரிஸ் இப்போதே. ஃபிளிக்ஸ்பஸ்ஸில் போய் வர 60, ஹாஸ்டலில் மூன்று இரவு 120, சாப்பாடு 80. 260 யூரோவில் முடியும். ரோம் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது என்பதால் போய் வாருங்கள், அங்கே செலவுக்கு 150. ஏற்கெனவே போட்ட 440ஐயும் சேர்த்தால் மொத்தம் 850.

இன்டர்லாக்கனை ரத்து செய்யுங்கள். இலவசமாக ரத்து செய்யும் கடைசித் தேதி ஹோட்டல் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் இருக்கும், இன்றே பாருங்கள். அந்தப் பக்கத்து யுங்ஃபிராவ்யோக் மலை ரயில் உச்சி நிலையம் வரை 1912இல் ஓடத் தொடங்கியது, உங்கள் முதல் சம்பளம் வரும்வரையும் ஓடும். கோடையில் அதற்கு மட்டும் 200 பிராங்குக்கு மேல். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் உங்கள் ஜெர்மன் சிம்மில் ரோமிங்குக்குத் தனி பில் வரவும் வாய்ப்புண்டு, பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிராக்கும் எங்கும் ஓடிவிடாது. செமஸ்டர் டிக்கெட் இருக்கும்வரை ஜெர்மனிக்குள் மெதுவாக ஓடும் ரயில்களில் ஏறி இறங்குங்கள், அதற்கு ஒரு பைசா கூடுதலாக ஆகாது. அப்புறம், உங்கள் ஊர்க் கதீட்ரலுக்குள் போயிருக்கிறீர்களா? 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலின் 12 இடங்களில் அதுவும் ஒன்று, உள்ளே போக டிக்கெட் கிடையாது. கடிதத்தில் பாரிஸ் இருக்கிறது, ரோம் இருக்கிறது, ஆஹன் மட்டும் இல்லை.

சேமிப்பிலிருந்து ஓவர்டிராஃப்ட்டை இந்த வாரமே அடையுங்கள், ரோம் பாக்கி 440ஐயும் ஒரே தடவையில் கட்டிவிட்டு ஆப்பை நீக்கிவிடுங்கள். பயணம் முடிந்த பிறகு 2,350 யூரோ இருக்கும், செப்டம்பர் சம்பளத்தில் கொஞ்சம் மிஞ்சும். பற்றாக்குறை முழுவதும் தீராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை தேடும் அனுமதி கைக்கு வந்த பிறகு எந்த வேலையையும் மணிக்கணக்கு வரம்பின்றிச் செய்யலாம். கிடங்கோ காபிக் கடையோ, நல்ல வேலை வரும்வரை வாடகையைப் பார்த்துக்கொள்ளும்.

அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கட்டும். "போய்ட்டு வாம்மா, மறுபடி எப்போ போகப்போறே" என்று அவர் சொல்வது பாசம். அந்த அடகுச் சீட்டை மாதாமாதம் சுமக்கப்போவதும் அவர்தான்.

மாமாவின் 640 யூரோ கிட்டத்தட்ட 64,000 ரூபாய். அதை நீங்களாகக் கேட்கத் தயங்குவீர்கள், அம்மாவையும் கேட்கச் சொல்லாதீர்கள், அக்கா தம்பிக்குள் மனக்கசப்பு வரும். "மாமா, விசாவுக்கு பேங்க் பேலன்ஸ் காட்டணும், பழைய பணத்தை இந்த மாசம் அனுப்பிடுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள். அது பொய்யும் இல்லை. போனைப் பற்றி அவரே மறுபடி கேட்டால், பழையது வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.