33 வயதில் மார்பகப் புற்றுநோய்: அந்தச் சதவீதம் உங்களுடையதுதானா?

கேள்வி: டாக்டர், எனக்கு 33 வயது. இடது மார்பில் 2.4 செ.மீ. கட்டி. கட்டியை மட்டும் எடுத்து, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்துவிட்டது. அக்குளில் எடுத்த 14 நிணநீர்க் கணுக்களில் ஒன்றில் பரவியிருந்தது. ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், கிரேடு 3 என்று இருக்கிறது. போன மாதம் டாமோக்சிஃபென் மாத்திரை ஆரம்பித்தார்கள். சின்ன வயதில் வந்தால் பிழைப்பவர்கள் குறைவு என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. எனக்கு இன்னும் எவ்வளவு காலம்? மார்பை முழுசாக எடுத்திருக்க வேண்டுமோ? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள முடியுமா? முதுகு லேசாக வலித்தாலும் அதுதானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் படித்தது பொய்யில்லை. 40 வயதுக்குள் வரும் மார்பகப் புற்றுநோயில் உயிர்வாழும் விகிதம், நடுத்தர வயதில் வருவதைவிடச் சராசரியில் சற்றுக் குறைவு. ஏன் குறைவு என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

இளம் பெண்ணின் மார்பில் கட்டி என்றால் புற்றுநோய் என்ற எண்ணமே யாருக்கும் எளிதில் வராது. பால் கட்டியிருக்கும், மாதவிடாய் முடிந்தால் கரைந்துவிடும் என்று மாதங்கள் ஓடிவிடும். இந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியானது. மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அதனால் சில கட்டிகள் படத்தில் தப்பிவிடும். இதோடு, வேகமாக வளரும் டிரிபிள் நெகட்டிவ் (ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ்), ஹெர்-2 பாசிட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் மிகுந்தது) வகைகளும் இளம் வயதில் அதிகம். முற்றிய நிலையில் வந்தவர்கள், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் எல்லோரையும் சேர்த்து எடுத்த கணக்குதான் நீங்கள் பார்த்த சதவீதம். இரண்டாம் நிலையில் கண்டுபிடித்து, அறுவை, கீமோ, ரேடியேஷன் மூன்றையும் முடித்துவிட்ட உங்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

எண் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் மறைப்பதில்லை. பிரிட்டனில் 2000-க்கும் 2008-க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்ட, 40 வயதுக்கு மேற்படாத 2,733 பெண்களைத் தொடர்ந்து கவனித்த 'பாஷ்' என்ற ஆய்வு உண்டு. எல்லா வகைகளும் கலந்த அந்தக் குழுவில் 5 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 85 சதவீதம், 10 ஆண்டுகளுக்குப் பின் சுமார் 70 சதவீதம். ஒன்றைக் கவனியுங்கள். பத்தாண்டுக் கணக்குச் சொல்ல, பத்தாண்டுக்கு முன்னால் சிகிச்சை பெற்றவர்களைத்தான் எண்ண முடியும். இன்று உங்களுக்குக் கிடைக்கும் மருந்துகளில் பல அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வயதைவிட வகை முக்கியம். டிரிபிள் நெகட்டிவ் வகை திரும்ப வருவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் வரும். ஐந்தைத் தாண்டினால் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். ஹெர்-2 பாசிட்டிவ் ஒரு காலத்தில் எங்களை மிகவும் பயமுறுத்திய வகை. ஹெர்-2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து வந்த பிறகு நிலைமையே மாறிவிட்டது. உங்களுடையது ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோனை உண்டு வளரும் வகை. இதன் குணம் வேறு. முதல் சில ஆண்டுகளில் பெரும்பாலும் கைக்குள் அடங்கியிருக்கும், ஆனால் 10, 15 ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். அதனால்தான் ஐந்து ஆண்டு முடிந்ததும் 'தப்பித்துவிட்டோம்' என்று எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. இதே வகைக்குத்தான் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கொடுத்துக் கட்டுப்படுத்தக்கூடிய மருந்தும் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்த மாத்திரை அட்டைதான். ஐந்து ஆண்டு டாமோக்சிஃபென், இந்த வகையில் 15 ஆண்டுகளில் நேரும் மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது.

உங்கள் வயதில் அதுமட்டும் போதுமா என்பதை டாக்டரிடம் இப்போதே பேசிவிடுங்கள். 30-களில் இருப்பவர்களுக்குக் கீமோவுக்குப் பிறகும் சினைப்பைகள் விழித்துக்கொண்டு ஈஸ்ட்ரோஜன் சுரக்கத் தொடங்கும். அதை அடக்க, மாதம் ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. 'சாஃப்ட்' என்ற பன்னாட்டு ஆய்வில் 35 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், டாமோக்சிஃபென் மட்டும் எடுத்தவர்களில் 67.7 சதவீதம்; அதோடு சினைப்பையை அடக்கியவர்களில் 78.9, சினைப்பையை அடக்கி, ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் எக்ஸமெஸ்டேன் மாத்திரை எடுத்தவர்களில் 83.4. கீமோ தேவைப்பட்ட 33 வயதுப் பெண்ணுக்கு இந்த ஊசியைப் பற்றிப் பேசாமல் விடுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு எச்சரிக்கையும் உண்டு. எக்ஸமெஸ்டேன், லெட்ரோசோல் போன்றவை சினைப்பை அடங்கியிருந்தால்தான் வேலை செய்யும். ஊசித் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மருந்தில் இருக்கும்போது உதிரப்போக்கு வந்தால் அடுத்த செக்கப்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். கிரேடு 3-ம் (வேகமாக வளரும் செல்கள்) கணுவில் பரவலும் இருப்பதால், அபெமாசிக்ளிப், ரைபோசிக்ளிப் ஆகிய புதிய மாத்திரைகள் உங்களுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். அவற்றைச் சேர்ப்பதை ஹார்மோன் சிகிச்சையின் ஆரம்பத்திலேயே முடிவுசெய்வது நல்லது.

மாத்திரையைத் தொடர்வது சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. 34 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தபோது கைப்பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். எதுவும் முழுசாகக் காலியாகவில்லை. ஒவ்வொன்றிலும் நான்கைந்து மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தன. "மறந்துபோகலை டாக்டர். ராத்திரி நாலு தடவை வேர்த்து எழுந்திருக்கேன். காலையில வேலைக்குப் போகணுமே, அதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்றார். ஆறு மாதமாக அவர் அப்படித்தான் எடுத்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. அந்த ஆறு மாதம் இன்றும் என் மனதை உறுத்துகிறது. உடல் தகிப்பைக் குறைக்கும் வென்லாஃபாக்சின் மாத்திரை சேர்த்ததும் சில வாரங்களில் அவருக்குத் தூக்கம் திரும்பியது, அட்டைகளும் காலியாகத் தொடங்கின.

ஆகவே உடல் தகிப்பு, காலையில் மூட்டுப் பிடிப்பு, தாம்பத்தியத்தில் வறட்சி, காரணமில்லாத அழுகை, எதுவானாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது செய்ய முடியும். மனச்சோர்வுக்கு வேறு டாக்டர் மருந்து எழுதினால் டாமோக்சிஃபென் எடுப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். பாராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் இரண்டும் டாமோக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுப்பவை. சினைப்பையை அடக்கினால் எலும்பு தேயும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.

மார்பை முழுசாக எடுக்காதது தவறா என்று கேட்டிருந்தீர்கள். தவறே இல்லை. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தவர்களையும் முழு மார்பையும் எடுத்தவர்களையும் 20 ஆண்டுகள் ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகள் 2002-லேயே வந்துவிட்டன. உயிர்வாழ்வில் வேறுபாடு இல்லை. விதிவிலக்கு மரபணு. இந்த வயதில் நோய் வந்தவர்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாவிட்டாலும் 'பிராக்கா' என்ற மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதில் மாற்றம் இருந்தால் மறு மார்பு, சினைப்பைகள் பற்றித் தனியாகப் பேச வேண்டியிருக்கும், அப்போதும் அவசரமில்லை. மாற்றம் இருந்தவர்களும் இல்லாதவர்களும் பத்தாண்டில் ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் உயிரோடு இருந்தார்கள் என்பது மேலே சொன்ன பாஷ் ஆய்வின் முக்கியமான முடிவு.

குழந்தை பெற்றுக்கொள்ளலாம், இப்போது வேண்டாம். 2023-ல் முடிவு வெளியான 'பாசிட்டிவ்' ஆய்வில், 42 வயதுக்கு மேற்படாத பெண்கள் 18 முதல் 30 மாதம் மாத்திரை எடுத்த பிறகு, கருத்தரிப்பதற்காக அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் நிறுத்தினார்கள். மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் 8.9 சதவீதம், நிறுத்தாதவர்களின் ஒப்பீட்டுக் குழுவில் 9.2. நீண்டகால முடிவு இனிமேல்தான் வரவேண்டும் என்றாலும், நம்பிக்கையோடு திட்டமிட இது போதும். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் கழித்தே முயற்சிக்க வேண்டும், பிரசவம் முடிந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். கீமோ கருமுட்டைகளைக் குறைத்திருக்கலாம், எனவே கருவள மருத்துவரை இப்போதே ஒருமுறை பாருங்கள். அதுவரை மாதவிடாய் வராவிட்டாலும் கரு தரிக்க வாய்ப்புண்டு. டாமோக்சிஃபென் கருவைப் பாதிக்கும். ஆணுறை, காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத தடுப்பு முறை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த முதுகு வலி. சிகிச்சை முடித்தவர்களில் இந்தப் பயம் இல்லாத ஒருவரை நான் பார்த்ததில்லை. அதற்காக மாதாமாதம் ரத்தப் பரிசோதனையும் பெட் ஸ்கேனும் எடுக்காதீர்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கு அவை ஆயுளைக் கூட்டுவதில்லை. ஆண்டுக்கொரு மாமோகிராமும் டாக்டர் கைப்பட்ட பரிசோதனையும் போதும். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்ற வலிகளுக்கு, தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது படுத்தாலும் விடாமல் இரவில் எழுப்பினால், போன் செய்து நேரம் வாங்குங்கள். அதற்குள் வலி போய்விட்டால் அந்தத் தேதியை அடித்துவிடுங்கள்.