சர்வதேச பூல் சாம்பியன்ஷிப்புக்கு வீரர்கள் எப்படித் தகுதி பெறுகிறார்கள்? நாட்டுச் சாம்பியனாக இருக்க வேண்டுமா, பணம் கட்டினால் போதுமா?

கேள்வியின் முன்பாதியோடு நிறுத்தியிருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். "பணம் கட்டினால் போதுமா" என்ற பின்பாதிதான் உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது. ஏனென்றால் நான் பணம் கட்டி உள்ளே போன ஆள்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். நீங்கள் பூல் (க்யூ என்ற குச்சியால் பந்துகளை டேபிளின் பாக்கெட்டுகளில் போடும் ஆட்டம்) ஆடும் இடத்தில் உங்களை ஜெயிக்க இப்போது அதிகம் பேர் இல்லை. இரவில் பெரிய போட்டிகளின் வீடியோ பார்க்கிறீர்கள். "இதை நானும் போட்டிருப்பேனே" என்று தோன்றுகிறது. அங்கே போவதற்கு என்ன வழி என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சரிதானே? தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள், ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நிற்பார்கள்.

நேரடி பதில்: நாட்டுச் சாம்பியனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எப்படி உள்ளே போகலாம் என்பது அந்தப் போட்டியை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த ஆட்டத்துக்கு டபிள்யூபிஏ என்று ஒரு உலக அமைப்பு உண்டு. அதன் கீழே கண்டக் கூட்டமைப்புகள், அவற்றின் கீழே நாட்டுச் சங்கங்கள். நைன் பால் என்பது பூலில் ஒரு வகை: ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பந்துகளில் டேபிளில் இருக்கும் சின்ன எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும், ஒன்பதைப் போடுபவருக்கு வெற்றி. அதன் உலக சாம்பியன்ஷிப் முதன்முதலில் 1990-இல் ஜெர்மனியின் பெர்க்ஹைமில் நடந்தது, ஜெயித்தவர் எர்ல் ஸ்ட்ரிக்லேண்ட். 2021-இலிருந்து அதை நடத்துவது மேட்ச்ரூம் என்ற தனியார் நிறுவனம். அமைப்பும் நிறுவனமும் உரசிக்கொள்வது இந்த ஆட்டத்தில் புதிதல்ல. 1999-இல் ஒரே வருடத்தில் இரண்டு உலக சாம்பியன்ஷிப் நடந்தது. ஸ்பெயினின் அலிகான்டேயில் நிக் வார்னர் ஜெயித்தார், வேல்ஸின் கார்டிஃபில் எஃப்ரன் ரேயஸ் ஜெயித்தார். ஆகவே "தகுதி விதி என்ன" என்று பொதுவாகக் கேட்காமல் "இந்தப் போட்டிக்கு, இந்த வருடம்" என்று கேட்டால்தான் பதில் உண்டு.

பொதுவாக இடங்கள் இப்படிப் பிரியும். ஒரு பங்கு தரவரிசையில் மேலே இருப்பவர்களுக்கு. ஒரு பங்கு கண்டக் கூட்டமைப்புகளுக்குப் போய், அங்கிருந்து நாட்டுச் சங்கங்கள் பெயர் அனுப்பும். கொஞ்சம் வைல்டு கார்டு, அதாவது நடத்துபவர்கள் தாங்களே தரும் இடம், பெரும்பாலும் போட்டி நடக்கும் நாட்டுக்காரர்களுக்கு. மிச்சம் தகுதிச்சுற்றுக்கு. தோஹாவில் 2010 முதல் 2019 வரை உலகப் போட்டி நடந்த காலத்தில், பிரதான சுற்றுக்கு முன்னால் அங்கேயே தகுதிச்சுற்று வைத்தார்கள். டிக்கெட் போட்டுப் போய் ஆட வேண்டியது, தோற்றால் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியது. இவை தவிர ஓப்பன் போட்டிகள் தனி. பூலின் யூஎஸ் ஓப்பனை 2019-இலிருந்து 256 பேருக்கு விரித்தார்கள். அங்கே விண்ணப்பித்துக் கட்டணம் கட்டி இடம் பிடித்தால் நேராக ஆடலாம், அதில் எடுக்கும் புள்ளி தரவரிசையில் ஏறும். வயது ஒரு தடையே இல்லை. 2005-இல் காவ்சியுங்கில் உலகப் பட்டத்தை எடுத்தபோது வூ ஜியா-சிங்குக்கு 16 வயது.

இனி என் கதை. இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சார்ந்திருந்த சங்கத்துக்கு ஒரு சர்வதேசப் போட்டியில் ஒரு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த வருடத் தரவரிசையில் எனக்குக் கீழே இருந்தவர் பெயர் போனது. ஏன் என்று கேட்டேன். பொறுப்பில் இருந்தவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார்: "அவரால செலவத் தாங்க முடியுங்க. உங்க பேரக் கொடுத்து கடைசி நேரத்துல நீங்க வரலைன்னா அடுத்த தடவை நமக்கு இடமே தரமாட்டாங்க." யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல். சங்கம் தருவது இடம் மட்டும். விமானம், தங்குமிடம், பல போட்டிகளில் நுழைவுக் கட்டணம்கூட வீரர் தலையில்தான். "வயிற்றெரிச்சலில் எழுதுகிறான்" என்று யாராவது கீழே வந்து சொல்வார்கள். சொல்லட்டும். போனவரோடு எனக்கு இன்றைக்கும் நல்ல பழக்கம்தான்.

அந்தப் போட்டிக்கே தகுதிச்சுற்று வழியாகப் போவது என்று முடிவெடுத்தேன். பிரதான சுற்றுக்கு முதல் நாள், அதே கட்டடத்தில், ஓரத்து டேபிள்களில். நடுவர் கிடையாது, ராக்கை நாமே அடுக்க வேண்டும், ஸ்கோரையும் நாமே குறித்துக்கொள்ள வேண்டும். பந்தை அடுக்கி ஒன்பதாம் பந்து விழும் வரை ஆடுவது ஒரு ராக். 7 ராக் எடுப்பவர் மேலே போவார், தோற்றவர் வீட்டுக்குப் போவார். பக்கத்து அரங்கில், ஏற்கெனவே இடம் பெற்றுப் பட்டியலில் இருந்தவர்கள் நிதானமாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு டேபிளிலும் துணியின் வேகம் வேறு, குஷன் திருப்பித் தரும் விதம் வேறு. அவர்களுக்கு அதைப் பழக நேரம் இருந்தது. எங்களுக்கு லேக் (யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்கும் அடி) போடும் அந்த ஒரு அடிதான் பயிற்சி.

இடத்தைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம் நள்ளிரவைத் தாண்டி 6-6 என்று நின்றது. எதிரே இருந்தவர் இந்த ஆட்டத்தைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த ஆள், பெயர் வேண்டாம். பிரேக், அதாவது அடுக்கை உடைக்கும் முதல் அடி, என்னுடையது. நல்ல சத்தம், நல்ல பரவல், ஒரு பந்தும் விழவில்லை. ஒன்றாம் நம்பர் பந்து ஆறாம் நம்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அவர் புஷ் அவுட் சொன்னார். தெரியாதவர்களுக்கு: பிரேக்குக்கு அடுத்த அடியில் மட்டும், எந்தப் பந்தையும் தொடாமல்கூட க்யூ பாலை (நாம் அடிக்கும் வெள்ளைப் பந்தை) வேறு இடத்துக்கு நகர்த்தி வைக்கலாம், அது ஃபௌல் ஆகாது. பிறகு எதிராளி அந்த இடத்திலிருந்து தானே ஆடலாம், அல்லது நகர்த்தியவரையே ஆடச் சொல்லலாம். அவர் க்யூ பாலை வைத்த இடத்திலிருந்து ஒரு ஜம்ப் ஷாட் (க்யூ பாலைக் குறுக்கே நிற்கும் பந்துக்கு மேல் குதிக்க வைக்கும் அடி) தெரிந்தது. போட்டால் டேபிள் முழுக்க என் கையில். கூட வந்த நண்பர் பின்னாலிருந்து "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று முணுமுணுக்கிறார். நான் அந்தப் பந்தைப் பார்க்கவில்லை, எதிராளியின் கையைப் பார்த்தேன். அந்த அடிக்கான தனிக் குச்சியான ஜம்ப் க்யூவை அவர் ஏற்கெனவே கழற்றி உள்ளே வைத்துவிட்டார். இதை நான் எடுத்துக்கொள்வேன் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தார். "நீங்களே ஆடுங்க" என்றேன். அவர் மறுபடி ஜம்ப் க்யூவைப் பூட்ட வேண்டியதாயிற்று. பந்து பாக்கெட்டின் வாயில் தட்டி நின்றது. அங்கிருந்து ஒன்பது வரை நான் க்யூவைக் கீழே வைக்கவில்லை. அந்த ராக்கைப் பற்றி எனக்குப் பெருமைதான், மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலை பிரதான சுற்றின் டிராவில் (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியலில்) என் பெயர் ஏறியிருந்தது. சங்கத்தின் இடத்தில் வந்தவர் காபி கோப்பையோடு வந்து கை கொடுத்தார். அவருடன் நின்ற ஒருவர் கேட்டார்: "ஓ, நீங்க குவாலிஃபையர்ல வந்தவங்களா? அப்ப பின்வாசல் வழியா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அதற்கான பதிலை இங்கே எழுதுகிறேன். "7 ராக் ஆட்டம் அதிர்ஷ்டம், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்" என்பதுதான் தகுதிச்சுற்றைப் பின்வாசல் என்பவர்களின் வாதம். பாதி உண்மை. வீரர்களின் திறமையை எண்ணால் மதிப்பிடும் ஃபார்கோ ரேட்டிங்கில் உங்களைவிட 100 புள்ளி கூடியவர், நீங்கள் ஒரு ராக் எடுத்தால் இரண்டு எடுப்பார் என்பது கணக்கு. அப்படிப்பட்டவரை 7 வரைக்குமான ஆட்டத்தில் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்று. 11 வரை என்றால் நூறில் ஐந்தாறு. ஆக, சின்ன ஆட்டம் பலவீனமானவருக்குக் கை கொடுக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தகுதிச்சுற்றில் அப்படி ஒரு ஆட்டம் போதாது, வரிசையாக வேண்டும். பத்தில் ஒன்று ஐந்து முறை தொடர்ந்து நடக்க, லட்சத்தில் ஒன்று. எதிரே வருகிற எல்லாருமே 100 புள்ளி கூடியவர்களாக இருக்கமாட்டார்கள்தான், இருந்தாலும் அதிர்ஷ்டம் மட்டும் அவ்வளவு தூரம் கூட வராது.

பிரதான சுற்று எவ்வளவு தாராளம் என்று பாருங்கள். உலக சாம்பியன்ஷிப்பில் 128 பேர், அதை 64 ஆக்கும் வரை இரட்டைத் தோல்வி முறை. கணக்குப் போட்டால், இரண்டு தோல்விக்கு முன்னால் இரண்டு வெற்றி எடுத்தால் அடுத்த கட்டம். முதல் ஆட்டத்தில் தூங்கி வழிந்து தோற்றாலும் பிழைத்துக்கொள்ளலாம். தகுதிச்சுற்றில் பல இடங்களில் அந்தச் சலுகை கிடையாது. எந்த வாசல் குறுகல் என்று நீங்களே சொல்லுங்கள். (நான் போன போட்டியில் அந்த இரண்டாவது வெற்றி எனக்குக் கிடைக்கவில்லை. கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிட்டேன்.)

தரவரிசையில் வருபவர்களைக் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் வருடம் முழுக்க ஊர் ஊராக ஆடிச் சேர்த்த புள்ளி அது. என் சண்டை, பட்டியலில் பெயர் இருப்பதையே திறமையாக நினைப்பவர்களோடு மட்டும்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்று. அந்தப் போட்டி முடிந்து வந்ததும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி புஷ் அவுட் பற்றியும் இல்லை, டிரா பற்றியும் இல்லை. "கார்பன் ஷாஃப்ட்டா, மர ஷாஃப்ட்டா?" இதுதான். ஷாஃப்ட் என்றால் க்யூவின் முன்பாதி. என்னுடையது மரம் என்றதும் பரிதாபமாகப் பார்த்தார்கள். முனைப்பக்கம் எடை குறைந்தால், ஓரத்தில் அடிக்கும்போது க்யூ பால் விலகிப் போவது குறையும், உண்மை. கார்பன் வளையாது, பள்ளம் விழாது, அதுவும் உண்மை. ஆனால் எடை குறைந்த மர ஷாஃப்ட்டும் அதைத்தான் செய்கிறது. எஃப்ரன் ரேயஸ் 1999-இல் எதை வைத்து ஜெயித்தார்? நேராக அடிக்க வராதவனுக்கு விலகல் குறைந்து என்ன ஆகப்போகிறது? இளம் பையன்கள் இருக்கிற பணத்தையெல்லாம் அதில் போட்டுவிட்டு, நுழைவுக் கட்டணத்துக்குக் கையைப் பிசைவதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

போக முடிவெடுத்துவிட்டால் அறிவிப்பை முழுக்கப் படியுங்கள். தகுதிச்சுற்றில் எத்தனை இடம், தோற்றால் மறுபடி பணம் கட்டி ஆடலாமா, அடுக்கும்போது ஒன்பதாம் பந்தை ஸ்பாட்டில் (டேபிளில் குறித்திருக்கும் புள்ளியில்) வைக்கிறார்களா, பிரேக் மாறி மாறியா அல்லது ஜெயித்தவருக்கேவா, மூன்று பந்து பிரேக் விதி (பிரேக்கில் குறைந்தது மூன்று பந்து விழவோ குறித்த கோட்டைத் தாண்டவோ வேண்டும் என்பது) உண்டா என்று பாருங்கள். இடம் கிடைத்துவிட்டால் கட்டணத்தில் பிரதான சுற்றும் அடங்கியதா, தனியாகக் கட்ட வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தகுதிச்சுற்று முடியும் நாளுக்குப் போடாதீர்கள். சங்கத்திடம் இடம் கேட்பதானால் வாய்மொழியாகக் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் கருத்துப் பகுதியில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த ஷாஃப்ட் வாங்கலாம் என்பதைத் தவிர.