காயில் கட்டும் பட்டறைக்கு 42,000 ரூபாயில் வலைத்தளம்: சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் கணவர் உடுமலைப்பேட்டையில் பதினோரு வருடமாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார், சப்மெர்சிபிள், கிரைண்டர் மோட்டார் எல்லாம் வரும். செலவு போக மாதம் 25,000 முதல் 30,000 ரூபாய் வரை நிற்கும். மழைக்காலத்தில் 15,000 கூடத் தேறாது. இரண்டு வருடமாகப் புது ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. பக்கத்தில் புதிதாக வந்த கடை கூகுளில் தெரிகிறது, எங்கள் கடை தெரியவில்லை. வலைத்தளம், 'கூகுளில் முதலிடம்', ஃபேஸ்புக் பக்கம் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. இரண்டாம் வருடத்திலிருந்து ஆண்டுக்கு 9,000 ரூபாய் கட்ட வேண்டும். கையில் பணம் இல்லை. என் சங்கிலியை அடகு வைத்துக் கட்டலாமா? நான் பி.காம். முடித்தவள். கடைக் கணக்கை நான்தான் எழுதுகிறேன்.
- வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: வைக்க வேண்டாம் சகோதரி. கணக்கு எழுதுகிறவர் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

42,000 ரூபாய் நகைக்கடன், வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்து, இரண்டாம் வருட முடிவில் மீட்கிறீர்கள். அசல் 42,000, வட்டி 10,080, இரண்டாம் வருடக் கட்டணம் 9,000. மொத்தம் 61,080 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 2,550. காப்பர் கம்பி, வார்னிஷ், பேரிங் செலவு போக ஒரு மோட்டாருக்கு சராசரியாக 600 ரூபாய் நிற்கிறது என்றால் (சரியான எண் உங்கள் நோட்டில் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்), மாதாமாதம் நான்கைந்து மோட்டார் கூடுதலாக வந்தால்தான் இந்தச் செலவு ஈடாகும். அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

நான்கைந்து மோட்டார் வராது என்று நான் சொல்லவில்லை. வரலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மழைக்கால வருமானம். தோட்டத்தில் மோட்டார் ஓடாத மாதங்களில் வருமானம் பாதியாகிறது, வட்டி மட்டும் அப்படியே நிற்கும். வேறு சேமிப்பு எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை. அப்படியென்றால் அந்தச் சங்கிலிதான் உங்கள் வீட்டின் அவசர நிதி. நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அது கையில் இருக்க வேண்டும்.

அடுத்து அந்த 'முதலிடம்'. உள்ளூர்த் தேடலில் எந்தக் கடை மேலே வரும் என்பதைத் தேடியதற்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்த அளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்தே முடிவு செய்வதாகவும், பணம் வாங்கிக்கொண்டு அந்த வரிசையை மாற்றுவதில்லை என்றும் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. காசு கொடுத்துப் போடும் விளம்பரம் தனி. ஆகவே முதலிடத்தை யாராலும் உத்தரவாதமாக விற்க முடியாது. பக்கத்துக் கடை தெரிவதற்கு வலைத்தளம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. அவர்கள் கூகுள் மேப்பில் கடையைப் பதிந்திருப்பார்கள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல். கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

உங்களைத் தேடுகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். கொழுமம் பக்கமோ குடிமங்கலம் பக்கமோ ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. வெயில் காலம். தோட்டக்காரர் போனை எடுத்து 'மோட்டார் ரீவைண்டிங்' என்று தட்டுகிறார், அல்லது 'பக்கத்துல காயில் கட்டுற கடை' என்று பேசித் தேடுகிறார். மேப்பில் வருகிற மூன்று கடையில் படமும் போன் நம்பரும் உள்ளதைப் பார்த்து அழைக்கிறார். வலைத்தளத்தைத் திறந்து 'எங்களைப் பற்றி' பக்கத்தைப் படிக்க அவருக்கு நேரமில்லை. அந்த ஒரு அழைப்பு உங்களுக்கு வர வேண்டும். நம் வேலை மொத்தமும் அதற்காகத்தான்.

முதலில் கடை பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்குங்கள். நீங்களே தொடங்குங்கள், கடவுச்சொல் உங்களிடம் இருக்கட்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு போனிலும் உறுதி கேட்பது) போட்டுவிடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு கடைக்காரருக்குத் தெரிந்த பையன் ஒருவன் தன் சொந்த மின்னஞ்சலில் எல்லாவற்றையும் பதிந்து கொடுத்தான். பிறகு அவன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். கடை நம்பர் மாறியபோது பழைய நம்பரை மாற்ற வழியில்லாமல் அவர் பல மாதம் அலைந்தார். அத்தனை நாளும் வாடிக்கையாளர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். உதவிக்கு யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், சாவி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

அந்தக் கணக்கிலிருந்து பிசினஸ் புரொஃபைலைப் பதியுங்கள். போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே கொடுங்கள். 'உடுமலை நம்பர் ஒன் ரீவைண்டிங்' என்று வால் சேர்த்தால் புரொஃபைலை முடக்கிவிடக்கூடும். வகை கேட்கும்போது பொதுவாக எலக்ட்ரிகல் கடை என்று போடாமல், மோட்டார் பழுதுபார்ப்புக்கு மிக நெருங்கியதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையான கடைதானா என்று உறுதிசெய்ய பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, போர்டு, ஷட்டரைத் திறப்பது, உள்ளே வைண்டிங் மெஷின் என்று நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்தால் போதும். நேரத்தைச் சரியாகப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பதாகப் போட்டுவிட்டு, ஒருவர் மோட்டாரை ஆட்டோவில் ஏற்றி வந்து பூட்டைப் பார்த்தால் அந்த ஆள் திரும்ப வர மாட்டார்.

படம்தான் உங்கள் பலம். இந்த விஷயத்தில் துணிக்கடையைவிட நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். கருகிப்போன ஸ்டேட்டர் (மோட்டாரில் காயில் கட்டும் சுழலாத பகுதி) ஒரு படம், அதே ஸ்டேட்டரில் புது காப்பர் பளபளக்கும் படம் ஒன்று. வேறு விளக்கமே வேண்டாம். காலை வெளிச்சத்தில், பட்டறை வாசலில், பின்னால் ஒரு சாக்கு விரித்து எடுங்கள். வாரத்துக்கு இரண்டு ஜோடி ஏற்றினாலே மூன்று மாதத்தில் ஐம்பது படம் சேரும். எத்தனை எச்.பி., என்ன கோளாறு, எத்தனை நாளில் முடிந்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரோ நம்பரோ அதில் தெரிய வேண்டாம்.

அப்புறம் உங்கள் கணவரைப் பேச வையுங்கள். பதினோரு வருடமாக எரிந்த காயிலைப் பிரித்துப் பார்த்தவருக்கு, அது ஏன் எரிந்தது என்று பார்த்ததும் தெரியும். மூன்று பேஸில் ஒன்று போன பிறகும் மோட்டார் ஓடியதா, வோல்டேஜ் குறைந்ததா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா, பேரிங் பிடித்துக்கொண்டதா என்று ஒவ்வொன்றுக்கும் கருகல் ஒவ்வொரு மாதிரி இருக்கும். 'ஒரு பேஸ் போனால் மோட்டார் எப்படி எரியும், அப்போது மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர் எதற்கு' என்று அவர் தன் பேச்சிலேயே ஒரு நிமிடம் சொல்வதைப் போனில் எடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், யூடியூப், ஃபேஸ்புக் மூன்றிலும் அதையே போடலாம். மோட்டார் எரியாமல் இருக்க வழி சொன்னால் வேலை குறையுமே என்று அவர் தயங்கலாம். என் அனுபவத்தில் அப்படி நடப்பதில்லை. தனக்கு நல்லது சொன்னவரிடம்தான் தோட்டக்காரர் மோட்டாரைத் தூக்கி வருவார்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம். வீட்டு நம்பரைக் கலக்காமல் கடைக்கென்று உள்ள நம்பரில் போடுங்கள். கேட்டலாக் பகுதியில் 1 எச்.பி., 3 எச்.பி., 5 எச்.பி., 7.5 எச்.பி. என்று பிரித்து, ஏறத்தாழ எவ்வளவு ஆகும் என்று 'இதிலிருந்து இது வரை' பாணியில் போடலாம். காப்பர் விலை ஏறி இறங்குவதால் ஒரே விலையாகப் போட வேண்டாம். கடை மூடிய பிறகு வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி எழுதி வையுங்கள். பழைய வாடிக்கையாளர் நம்பர்கள் பில் புத்தகத்தில் இருக்குமே, அவர்களிடம் உங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேமித்திருந்தால்தான் பிராட்காஸ்ட் செய்தி (ஒரே செய்தியைப் பலருக்குச் சேர்த்து அனுப்புவது) அவர்களுக்குப் போகும். மாசி பிறந்ததும் 'கோடைக்கு முன் பேரிங், கபாசிட்டர் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வருடத்துக்கு ஒன்றிரண்டு செய்தி போதும். தினமும் குட் மார்னிங் அனுப்பினால் தடை செய்துவிடுவார்கள்.

கூகுளில் விமர்சனம் (ரிவ்யூ) எழுதச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம். மோட்டாரைக் கொடுத்த அன்றே கேட்காமல், ஒரு வாரம் ஓடிய பிறகு 'எப்படி ஓடுதுங்க?' என்று விசாரித்துவிட்டு இணைப்பை அனுப்புங்கள். விமர்சனத்துக்குக் காசோ தள்ளுபடியோ கொடுப்பது கூகுள் விதிக்கு எதிரானது. யாராவது குறை எழுதினால் கோபப்படாமல், நடந்ததைச் சொல்லி, கொண்டு வாருங்கள் பார்க்கிறோம் என்று பதில் எழுதுங்கள். படிக்கிறவர்கள் குறையைவிட உங்கள் பதிலைத்தான் கவனிப்பார்கள்.

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் அதையும் செய்யுங்கள். 2020 ஜூலையிலிருந்து நடக்கும் இந்தப் பதிவுக்கு அரசு தளத்தில் கட்டணமே இல்லை, ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும். ஒரிஜினல் போலவே தோன்றும் தனியார் தளங்கள் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும், ஏமாற வேண்டாம். கூடவே கடை பெயரில் யுபிஐ க்யூஆர் வாங்கி வையுங்கள். வரவெல்லாம் வங்கிக் கணக்கில் பதிவாகும். பின்னாளில் புது மெஷின் வாங்க முத்ரா கடனுக்குப் போனால், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். அப்போது அந்த வரவுப் பதிவும் உத்யம் சான்றும் உங்களுக்காகப் பேசும்.

நம்பர் வெளியே தெரிந்ததும் மோசடி அழைப்பும் வரும், தயாராக இருங்கள். 'ராணுவ முகாமில் பத்து மோட்டார் இருக்கிறது, முன்பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்' என்பார்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் கேட்டால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் கட்டாவிட்டால் மேப்பிலிருந்து கடையை எடுத்துவிடுவோம் என்று யாராவது மிரட்டினாலும் போனை வைத்துவிடுங்கள்.

வலைத்தளமே வேண்டாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். பிசினஸ் புரொஃபைலோடு கூகுள் இலவசமாகக் கொடுத்து வந்த வலைத்தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அடுத்தவர் இடத்தில் கட்டியது எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதனால் படங்கள், வாடிக்கையாளர் நம்பர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். வருமானம் ஏறிய பிறகு, ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாயில் கடை பெயருக்கு ஒரு டாட் இன் முகவரியை உங்கள் பெயரிலேயே வாங்கி, கூகுள் சைட்ஸில் நீங்களே ஒரு பக்கம் போட்டுக்கொள்ளலாம். பி.காம். படித்து கணக்கு பார்க்கிறவருக்கு அது இரண்டு மாலை வேலை.

இதற்கெல்லாம் பணம் வேண்டாம் என்றேன், நேரம் வேண்டும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். அது பெரும்பாலும் உங்கள் நேரம்தான், அதை வீட்டில் பேசி ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் என்று நாள் குறித்துக்கொண்டால் தவறாது.

கணக்கு நோட்டில் ஒரு பத்தி புதிதாகப் போடுங்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் 'எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?' என்று கேட்டு, மேப், வாட்ஸ்அப், தெரிந்தவர் சொன்னது, போர்டைப் பார்த்தது என்று குறியுங்கள். எத்தனை மோட்டார், எவ்வளவு நின்றது என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்த நிறுவனத்திடம் மூன்று மாதம் கழித்துப் பேசுகிறோம் என்று சொல்லிவிடுங்கள். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்று அவசரப்படுத்தினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முடிந்ததும் அந்தப் பத்தியை எனக்கு எழுதி அனுப்புங்கள். ஆயிரம் ரூபாய் முகவரி வாங்கலாமா, அதுவும் வேண்டாமா என்பதை அந்த எண்களைப் பார்த்துச் சொல்கிறேன்.