‘டிட்’ வந்த பிறகு ‘ரிசீவ்ட்’ எதற்கு?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் வழி. பையருக்கு ‘டிட் யூ ரிசீவ்ட் தி சாம்பிள்?’ என்று மெயில் போட்டேன். மேலாளர் ‘ரிசீவ்’ என்று திருத்தினார், காரணம் சொல்லவில்லை. முடிந்துபோன விஷயத்துக்கு ‘ரிசீவ்ட்’தானே வரவேண்டும்? முப்பது நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா?

பதில்: சேர வேண்டாம். பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘கிடைத்ததா’ என்ற சொல்லைப் பாருங்கள். காலம் சொல்லின் நடுவே இருக்கிறது, கேள்வி கடைசி ‘ஆ’வில் இருக்கிறது. இரண்டையும் வினையே சுமக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டு சுமையையும் ‘டிட்’ வாங்கிக்கொள்ளும். வினை வெறுங்கையோடு பின்னால் வரும். அதனால்தான் ‘டிட் யூ ரிசீவ்’. ‘டஸ் ஹி ஒர்க்’ என்பதும் இதே கதை: ‘ஒர்க்ஸ்’ஸில் இருந்த ‘ஸ்’ஸை ‘டஸ்’ எடுத்துக்கொண்டது. உங்கள் காதில் ‘ரிசீவ்ட்’ ஒட்டிக்கொண்டது ‘ஹேவ் யூ ரிசீவ்ட்?’ என்பதிலிருந்து வந்திருக்கும். அது சரியான வாக்கியம்தான். இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

இனி அந்த வகுப்புகள். முதல் நாள் இலவச டெமோ, இரண்டாம் நாள் கட்டணம், மூன்றாம் நாள் ஒரு ஜெராக்ஸ் கட்டு. அதில் ‘கோ, வென்ட், கான்’ என்று வரிசையாக இருக்கும், ஒப்பிக்கச் சொல்வார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் இருநூறு வினைகளை மூச்சு விடாமல் ஒப்பித்தான். ‘நேற்று எங்கே போனீர்கள் என்று கேள்’ என்றேன். ‘வேர் யூ வென்ட் எஸ்டர்டே?’ நேற்று என்றாலே ‘வென்ட்’ என்று நாக்கைப் பழக்கிவிட்டார்கள், பாவம் அவன் என்ன செய்வான்?

பள்ளிக்கூடம் மட்டும் என்ன வாழ்ந்தது? பன்னிரண்டு வருடமும் கேள்வி கேட்பது ஆசிரியர், பதில் சொல்வது பிள்ளை. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாய் திறந்து கேட்கும் ஒரே கேள்வி ‘மே ஐ கம் இன், மிஸ்?’ ஆனால் ஆக்டிவ் வாய்ஸை பாசிவாக மாற்றச் சொன்னால் நூற்றுக்கு நூறு!

சரி, உங்கள் வேலையில் அடிக்கடி இடறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘ஹூ’, ‘வாட்’ வைத்துக் கேட்கும்போது ‘டிட்’ சில நேரம் வரும், சில நேரம் வராது. முதலில் தமிழில் கேட்டுப் பாருங்கள். ‘யாரைக் கூப்பிட்டீர்கள்?’ என்றால் ‘ஹூ டிட் யூ கால்?’ ‘யார் கூப்பிட்டது?’ என்றால் ‘ஹூ கால்ட்?’ ‘யார்’ எந்த உருபும் ஏற்காமல், தானே வேலையைச் செய்த ஆளாக நின்றால் ‘டிட்’டுக்கு இடமில்லை, வினையே காலத்தைச் சுமக்கும். ‘என்ன நடந்தது?’ என்பதும் அப்படித்தான்: ‘வாட் ஹேப்பன்ட்?’ ‘யாரை, எங்கே, எப்போது, ஏன்’ வந்தால் ‘டிட்’டைக் கூப்பிடுங்கள்.

இதை இவ்வளவு இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. லேப் டிப்பை, அதாவது நிறம் பார்க்கச் சாயமேற்றி அனுப்பும் மாதிரித் துணியை, யார் ஓகே செய்தது என்று கேட்க ‘ஹூ அப்ரூவ்ட் தி லேப் டிப்?’ போதும். ‘ஹூ டிட் அப்ரூவ் தி லேப் டிப்?’ என்று எழுதினால், ‘அப்படியானால் யார்தான் அப்ரூவ் பண்ணித் தொலைத்தது?’ என்று நீங்கள் அதட்டுவதாகப் பையர் எடுத்துக்கொள்வார்.