சிஎன்ஜி கிட் பொருத்தினால் சுற்றுச்சூழலுக்குப் பயன் உண்டா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு எட்டு வயதாகிறது. சிஎன்ஜி கிட் பொருத்த நினைக்கிறேன். செலவைவிடச் சுற்றுச்சூழல்தான் எனக்கு முக்கியம். "அதுவும் நிலத்தடியிலிருந்து எடுக்கும் எரிபொருள்தானே, என்ன வித்தியாசம்?" என்கிறார் நண்பர். உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு. தெருவில் நாம் சுவாசிக்கும் காற்றுக்கு நிறையவே உண்டு. புவி வெப்பமடைவதைப் பொறுத்தவரை கொஞ்சம்தான். அதுவும் வாயு கசியாதவரைதான்.

பெட்ரோல் என்பது நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. புற்றுநோயை உண்டாக்கும் பென்சீனும் அதில் இருக்கிறது. டேங்கை நிரப்பும்போது மூக்கில் ஏறும் நெடி, எரியாமலே காற்றில் கலக்கும் பெட்ரோல் ஆவிதான். சிஎன்ஜி என்பது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீத்தேன். அது மூடிய குழாய் வழியே, சுமார் 200 பார் அழுத்தத்தில் சிலிண்டருக்குள் போகிறது. அந்த ஆவிக்கு அங்கே இடமில்லை. மீத்தேன் மூலக்கூற்றில் ஒரே ஒரு கார்பன் அணு என்பதால், எரியும்போது கரி மிகக் குறைவாகவே உருவாகிறது. பழைய டீசல் வண்டியின் புகைக்குழாய் ஆறிய பிறகு, உள்ளே விரலால் தடவினால் மை அப்பிக்கொள்ளும். சிஎன்ஜியிலேயே ஓடும் வண்டியில் லேசான படிவுதான் ஒட்டும்.

புகையிலுள்ள நச்சு வாயுக்களான நைட்ரஜன் ஆக்சைடுகள் மட்டும் தாமாகக் குறைந்துவிடா. எஞ்சினின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே அவற்றை உண்டாக்குகிறது. காற்று, வாயு விகிதம் சரியாக இருக்க வேண்டும். புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் கேடு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருக்க வேண்டும். எட்டு வயது காரில் கிட்டுக்கு முன் அதைத்தான் சோதிக்கச் சொல்வேன்.

இனி கரியமில வாயு. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளியாகிறது. 1 கிலோ சிஎன்ஜி எரிந்தால் சுமார் 2.7 கிலோ. பார்த்தால் சிஎன்ஜிதான் மோசம் என்று தோன்றும். ஆனால் அந்த 1 கிலோ, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றலைத் தருகிறது. கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் டீசல் எஞ்சினோடு ஒப்பிட்டால் இந்த மிச்சம் இன்னும் சுருங்கிவிடும்.

இதைக் கெடுப்பது கசிவு. எரியாமல் வெளியேறும் மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல 28 மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. அதாவது, 1 கிலோ கசிந்தால் அதை எரிப்பதைப்போலப் பத்து மடங்கு கேடு! கிணற்றிலும் குழாயிலும் நடக்கும் கசிவை நீங்கள் தடுக்க முடியாது. உங்கள் வண்டியில் நடப்பதைத் தடுக்கலாம். ஒவ்வொரு சர்வீஸின்போதும் குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிச் சோதிக்கச் சொல்லுங்கள். குமிழி வந்தால் அன்றே சரிசெய்துவிடுங்கள். சிலிண்டரின் அழுத்தச் சோதனைக்கான கெடுவையும் தவறவிடாதீர்கள்.

நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சாணத்திலிருந்தும் கழிவிலிருந்தும் எடுத்துச் சுத்திகரித்த பயோமீத்தேனையும் இதே சிலிண்டரில் நிரப்பலாம். அது கிடைக்குமிடத்தில் உங்கள் கிட்டின் மதிப்பு பல மடங்கு கூடும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன்: ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? பெரும்பாலான கிட்களில் எஞ்சின் பெட்ரோலில்தான் கிளம்பும். சூடேறிய பிறகே வாயுவுக்கு மாறும். இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஓட்டம்தான் என்றால் பாதி வழி பெட்ரோலிலேயே போய்விடும். அப்படியானால் கிட் வேண்டாம்.