மாதம் 2,000 ரூபாய்க்கு வெள்ளி

வணக்கம் அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 27. செலவெல்லாம் போக மாதம் 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்க முடிகிறது. தங்கம் நமக்கு எட்டாது, வெள்ளியாவது சேர்ப்போம் என்று, மாதாமாதம் சின்னதாக ஒரு லட்சுமி காசு வாங்கலாம் என்றிருக்கிறேன். கட்டியாக வாங்கு என்கிறான் நண்பன். கொலுசாக எடுத்து வை, வரப்போகிறவளுக்கு ஆகும் என்கிறார் அம்மா. யூடியூபில் போலி வெள்ளி பற்றிப் பார்த்ததில் பயம் வேறு வந்துவிட்டது. அம்மாயியின் பெட்டியில் மூன்று பழைய ரூபாய்க் காசுகள் இருக்கின்றன. ஒன்று 1918, மற்ற இரண்டும் 1944. கறுத்துக் கிடக்கின்றன. அவை வெள்ளிதானா? நான் எங்கிருந்து ஆரம்பிப்பது?

எம்., திருப்பூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் சேகரிப்பை அம்மாயி எப்போதோ ஆரம்பித்து வைத்துவிட்டார். அந்தக் காசுகளுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் லட்சுமி காசை நிறுத்துங்கள். லட்சுமி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை, பட்டவன் சொல்கிறேன்.

தீபாவளிக்கு ஒன்று என்று பத்து கிராம் காசாக ஏழு வருடம் வாங்கினேன். எல்லாம் பிளாஸ்டிக் அட்டைக்குள் பளபளவென்று இருந்தன. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொஞ்சம் பணம் குறைந்தபோது, வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். “பணமா தர மாட்டோம் சார், பொருளா எடுத்துக்குங்க” என்றார்கள். பக்கத்துக் கடையில் அட்டையை வெட்டி, காசை உரசிப் பார்த்து, அன்றைய விலையிலிருந்து ஒரு கழிவு சொன்னார்கள். மனசு வரவில்லை. முதல் கடைக்கே திரும்பி, இரண்டு குங்குமச் சிமிழோடு வீட்டுக்கு வந்தேன். கட்டணத்துக்கு மைத்துனரிடம் கைமாற்று.

இதில் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் கணக்குப் பிரிவு ஆள், போட்டுப் பாருங்கள். கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து கிராம் காசுக்கு உலோகம் 1,000, செய்கூலி ஒரு 80, மொத்தத்துக்கும் 3 சதவீதம் ஜிஎஸ்டி. கையை விட்டுப் போவது 1,112. திருப்பி எடுக்கிறவர் 2 சதவீதம் கழித்தால் வருவது 980. போட்ட பணம் திரும்ப வரவே வெள்ளி பதிமூன்று சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். அதே வெள்ளியை 100 கிராம் கட்டியாக, 200 ரூபாய் கூலியில் எடுத்தால் 10,506 ஆகிறது, விற்றால் 9,800. ஏழு சதவீதம் ஏறினால் போதும். ஜிஎஸ்டி இரண்டுக்கும் ஒன்றுதான், கூலிதான் வித்தியாசம். ஒரு அச்சைக் குத்துகிற வேலை அஞ்சு கிராமுக்கும் ஐம்பது கிராமுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், காசு சிறுத்தால் கூலிச் சதவீதம் பெருக்கும்.

அதனால் மாதாமாதம் கடைக்குப் போகாதீர்கள். 2,000 ரூபாயை ஆர்டியில் போடுங்கள். 50 கிராமோ 100 கிராமோ வாங்கும் அளவுக்குச் சேர்ந்ததும் ஒரே துண்டாக எடுங்கள். அன்றைக்கு நாளிதழில் ‘பார் வெள்ளி’, அதாவது கட்டி வெள்ளி என்று கிலோ விலை போட்டிருப்பார்கள், அதைக் கிராமுக்கு வகுத்துக்கொண்டு போங்கள். கடையில் முதல் கேள்வியே, “இதை நாளைக்குக் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள், பணமாகவா?” என்பதாக இருக்கட்டும். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் காபி கொடுத்தால் குடித்துவிட்டு இறங்கிவிடுங்கள். 999 முத்திரையும் (99.9 சதவீதம் சுத்தம் என்று பொருள்), எடையும் தூய்மையும் குறித்த பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த பில்தான் பின்னால் பேரம் பேசும்.

போலி பயத்துக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பத்தில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கட்டியை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்க முங்குகிற மாதிரி தொங்கவிடுங்கள். கட்டி விலக்குகிற தண்ணீரின் எடையைத்தான் தராசு காட்டும். வெள்ளியின் அடர்த்தி தண்ணீரைப்போல் 10.49 மடங்கு. ஆகவே நூறு கிராம் சுத்த வெள்ளிக்குத் தராசு 9.5 காட்ட வேண்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றால் 11ஐத் தாண்டும், உள்ளே ஈயம் என்றால் 9க்குக் கீழே இறங்கும். எண்பது டச் வெள்ளி, அதாவது எண்பது சதவீதம் வெள்ளியும் மீதி செம்பும் என்றால் 9.9 பக்கம் நிற்கும். கட்டியில் காற்றுக்குமிழி ஒட்டினாலே எண் மாறிவிடும், ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் பாருங்கள். நான் முதல் முறை செய்தபோது நூல் நழுவி கட்டி டம்ளர் அடியில் போய் உட்கார்ந்தது. தராசு நூறைக் காட்ட, ஒரு நிமிடம் திகைத்துப் போனேன்.

கொலுசு விஷயத்தில் அம்மாவோடு சண்டை போட வேண்டாம். போட்டுக்கொள்ள கொலுசு நல்ல பொருள். சேலம் செவ்வாய்பேட்டைப் பட்டறைகளில் அது உருவாவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூலி எதற்கு என்று தெரியும். ஆனால் விற்கப் போனால் அந்தக் கூலிக்கு யாரும் பைசா தர மாட்டார்கள். பற்றவைத்த பொடியும் வெள்ளிக் கணக்கில் வராது.

கட்டியிலும் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ரிசர்வ் வங்கி 2025இல் வகுத்த விதிகளின்படி வெள்ளி நகைக்கும் வெள்ளிக் காசுக்கும் கடன் கொடுக்கலாம், கட்டிக்குக் கிடையாது. அவசரத்துக்கு அடகு வைப்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் பெரிய காசாக, 50 கிராம் அளவில் பாருங்கள். கையில் பொருளே வேண்டாம், விலை ஏற்றம் மட்டும் போதும் என்றால் 2022 முதல் வெள்ளி இடிஎஃப் இருக்கிறது, வெள்ளி விலையோடு ஏறி இறங்கும் யூனிட்டுகளைப் பங்குச் சந்தையில் வாங்குவது. அதில் கூலியும் இல்லை, பூட்டும் இல்லை. தொட்டுப் பார்க்கத்தான் முடியாது.

“வெள்ளி எப்படியும் ஏறிடும் தம்பி” என்று யாராவது சொன்னால் 1980ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வளைத்துப் போட, ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியது. மார்ச் 27 அன்று 11 டாலர் பக்கம் விழுந்தது. மறுபடி அந்த உயரத்தை எட்டிப் பார்க்கவே 2011 ஆயிற்று. அப்போதும் நிலைக்காமல் சரிந்து, 2020 மார்ச்சில் 12 டாலருக்குக் கீழே கிடந்தது. 50ஐத் தெளிவாகத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். உச்சத்தில் வாங்கியவர் பேரன் எடுத்துவிட்டார். ஆகவே கல்யாணச் செலவை இதில் போடாதீர்கள்.

பத்திரப்படுத்த இடம் பெரிதாக வேண்டியதில்லை. ஒரு கிலோ வெள்ளி ஒரு காபி டம்ளருக்குள் அடங்கிவிடும். ரப்பர் பேண்ட் மட்டும் போடக் கூடாது. அதிலிருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். என் கட்டி ஒன்றின் இடுப்பில் அரைஞாண் கட்டிய மாதிரி ஒரு கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. கட்டி கறுத்தால் எடையும் குறையாது, விலையும் குறையாது.

சரி, அம்மாயியின் காசுகள். 1939 வரை வந்த ஒரு ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. ஆக உங்கள் 1918 ரூபாயில் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. 1940இல் போர்க்கால நெருக்கடியில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குச் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தார்கள். எடையை மட்டும் மாற்றவில்லை. அதனால் 1944 ஒவ்வொன்றிலும் 5.83 கிராம்தான். மூன்றும் சேர்ந்து 22 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். செய்கூலியும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை.

அவற்றை உருக்கக் கொடுக்காதீர்கள். பழங்காசுக்குக் கறுப்பும் ஒரு அழகு, தேய்த்தால் எழுத்தும் முகமும் மழுங்கி, காசு சேர்ப்பவர்களிடம் மதிப்பு போய்விடும். நம் வீட்டுப் பெண்களுக்கு வெள்ளியைக் கண்டாலே விபூதியைக் கையில் எடுக்கத் தோன்றும். அம்மாயியிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்ய ஆரம்பித்தால் அப்புறம் யார் பேச்சும் எடுபடாது.