பெர்லின் தற்காப்பும் சென்னையில் ஒரு டிராவும்

கேள்வி: 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதிய உலகப் பட்டப் போட்டியின் 4-வது ஆட்டத்தில், 8-வது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டன, முடிவும் டிராதான். இப்படியொரு தொடக்கத்தை முன்னணி வீரர்கள் ஏன் ஆடுகிறார்கள்?

பதில்: அதில் கறுப்புக் காய்களுடன் கார்ல்சன் ஆடியது, ரூய் லோபஸ் என்ற தொடக்க முறைக்குக் கறுப்பு தரும் பதில்களில் ஒன்றான பெர்லின் தற்காப்பு. 2000-ல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கிராம்னிக் இதை அப்போதைய சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராக நான்கு ஆட்டங்களில் ஆடி நான்கையும் டிரா செய்து, பட்டத்தையும் வென்ற பிறகே இதற்குப் பெரும் மதிப்பு வந்தது. கறுப்பு ராஜா கோட்டை கட்டும் (யானையுடன் ஒரே நகர்த்தலில் ஓரமாக ஒதுங்கும்) உரிமையை இழந்து நடுவில் நிற்க வேண்டியிருந்தாலும், ராணிகள் இல்லாத பலகையில் அதற்குப் பெரிய ஆபத்தில்லை. உண்மையான சிக்கல் சிப்பாய்களின் அமைப்பில்தான் இருக்கிறது. ராஜா பக்கத்தில், அதாவது ராஜாக்கள் ஆட்டத்தைத் தொடங்கும் பாதிப் பலகையில், வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. மறுபக்கத்தில் கறுப்புக்கு நான்கு இருந்தும், அவற்றில் இரண்டு ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கியிருப்பதால் அந்தப் பெரும்பான்மை எளிதில் பயன்படாது. மற்ற காய்களெல்லாம் வெட்டுப்பட்டுப் போனால் வெள்ளை வெல்லும் வாய்ப்பு அதிகம் என்பதால், தன் இரண்டு மந்திரிகளின் வீச்சையே கறுப்பு நம்புகிறது.

சென்னையில் 13-வது நகர்த்தலிலேயே அந்த மந்திரிகளில் ஒன்று வெள்ளையின் மந்திரிக்கு ஈடாக வெட்டுப்பட்டது. ஆனாலும் 18-வது நகர்த்தலில் ஆனந்தின் குதிரை காவலை விட்டு விலகியதும், எஞ்சிய மந்திரியால் கார்ல்சன் ஏ2 சிப்பாயைத் துணிந்து வெட்டினார் (எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்). உடனே ஆனந்த் பி3 நகர்த்தி மந்திரியின் வழியை அடைத்தார். கார்ல்சனோ சி4 என்று சிப்பாயைத் தள்ளி அடைப்பை உடைத்து, பி1 வழியாக மந்திரியை மீட்டுவிட்டார். இத்தனை நுணுக்கமான ஒரு தப்பித்தலை, முடிவு டிரா என்பதற்காகச் சலிப்பானது என்று ஒதுக்குவது நியாயமல்ல.

ஒரு சிப்பாய் குறைந்த நிலையில் ஆனந்தைக் காப்பாற்றியது, தொடக்கத்திலிருந்தே அவரிடம் இருந்த ராஜா பக்கப் பெரும்பான்மைதான். எஃப், ஜி வரிசைச் சிப்பாய்களை முன்னேற்றி 33-வது நகர்த்தலில் இ6 தள்ளினார். 46-வது நகர்த்தலில் அந்தச் சிப்பாய் இ7-ஐ அடைந்து, ராணியாக மாற ஒரே கட்டம் மீதமிருக்க, 58-வது நகர்த்தலில் வெட்டுப்படும்வரை கறுப்பு யானைகளைக் கட்டிப்போட்டது. 64-வது நகர்த்தலில் கார்ல்சனிடம் யானையும் ஒரு சிப்பாயும், ஆனந்திடம் யானை மட்டுமே மிஞ்சின. வெள்ளை ராஜா அந்தச் சிப்பாயின் பாதையிலேயே நின்றதால் கறுப்பால் வெல்ல வழியில்லாமல் போனது.